அட்டை மாட்டித் தோண்டிய குழி

சாம்சன் இரண்டாவது தென்னங்குழியை முழங்கால் ஆழம் தோண்டியிருந்தபோது, பக்கத்து வீட்டு முத்தம்மா வேலிக்கு மேல் தலையை நீட்டினாள்.

"இன்னா சாம்சா, வேல பூட்ச்சா?"

"இல்லக்கா. சுகர் ஏறிக்கினு போவுது. உடம்பு வேர்க்க எதனா செய்யச் சொன்னாரு டாக்டரு."

"சரி சரி. நான் யார்கிட்டயும் சொல்லல."

மதியத்துக்குள், சாம்சனுக்கு வேலை போய்விட்டதென்று தெருவுக்கே தெரிந்துவிட்டது.

அந்தத் தெருவில் கடைசியாக மண்வெட்டி பிடித்தவர் சாம்சனின் அப்பா. அதுவும் அடுத்தவர் நிலத்தில். தேர்வாய் கண்டிகை கம்பெனியில் சேர்ந்து சாம்சன் கழுத்தில் அடையாள அட்டை மாட்டிய அன்றே அந்த மண்வெட்டி பரணுக்குப் போய்விட்டது.

"தெருவுல தல காட்ட முடியல," என்றாள் மனைவி சுகிர்தா. "பால்காரன் கூட, அண்ணனுக்கு வேற எடத்துல சொல்லவான்னு கேக்கறான்."

"எனக்கு ஷிப்டு ரெண்டு மணிக்கு. காலையில சும்மா கீறேன், தோண்டறேன். இதுல இன்னா கீது?"

"அப்ப வேல இருக்கறது தெரியற மாதிரி தோண்டு."

மறுநாள் கம்பெனிச் சட்டை போட்டு, அட்டையும் மாட்டிக்கொண்டு குழியில் இறங்கினான். ஒவ்வொரு வெட்டுக்கும் அட்டை எழும்பி மூக்கில் அடித்தது.

வேலிக்கு அப்பால் முத்தம்மா யாரிடமோ சொல்வது கேட்டது. "பாவம், சட்டைய கயட்ட மனசு வரல அதுக்கு."

பதினோரு மணிக்கு அவள் வீட்டிலிருந்து ஒரு தூக்கில் மீன் குழம்பும், கூடவே நூறு நாள் வேலைக்கான மனுவும் வந்தன. சாம்சன் காது சிவக்க, குழம்பை மட்டும் வைத்துக்கொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் பாஸ்டர் கண்ணை மூடினார். "வேலையை இழந்து நிக்கிற நம்ம சகோதரன் சாம்சனுக்காக..."

"ஆமென்," என்றது சபை. சுகிர்தா முக்காட்டை மூக்கு வரை இழுத்துக்கொண்டாள்.

சாம்சனுக்கு, தோண்டிய குழியிலேயே போய் உட்கார்ந்துவிடலாம் போலிருந்தது. ஆனால் எழுந்து, ஆராதனைக்கும் மாட்டி வந்திருந்த அட்டையை உயர்த்திப் பிடித்தான்.

"பாஸ்டர், எனக்கு வேல போவல. எங்க எச்.ஆர். ஆபீஸ் பென்னி தம்பி பின்னால உக்காந்துக்கினு கீறாரு. அவரையே கேளுங்க."

சபை மொத்தமும் திரும்பியது. பென்னி மெதுவாக எழுந்தான். முகம் வெளுத்திருந்தது.

"ஆள் கொறைக்கிற லிஸ்ட்ட நாளைக்குத்தானே ஒட்டப்போறோம், பாஸ்டர். அதுக்குள்ள உங்களுக்கு யாரு சொன்னது?"