நூல் அறுந்த கைகாட்டி

சிலருக்குச் சர்க்கரை, சிலருக்கு மூட்டுவலி. எனக்குப் பிறவியிலேயே "தெரியாது" என்ற சொல் வாயில் வராது. யாராவது வழி கேட்டால் உடனே சொல்லிவிடுவேன் (போய்ச் சேர்ந்தார்களா என்று இதுவரை விசாரித்ததில்லை). ஆம்பூரில் நான் வேலை பார்க்கும் ஷூ கம்பெனியில் மேனேஜர், "இந்த சாம்பிளை வெள்ளிக்கிழமைக்குள்ள..." என்று ஆரம்பிக்கும்போதே நான் "முடிச்சிடலாம் சார்" என்று முடித்திருப்பேன். அந்த வெள்ளிக்கிழமை எந்த மாதத்து வெள்ளிக்கிழமை என்பது அவர் தலையெழுத்து.

இந்த வியாதி ஒரு தடவை என் கல்யாணத்துக்கே உலை வைத்தது.

எங்கள் கம்பெனியில் குவாலிட்டி செக்கிங்கில் இருந்தவள் மலர்விழி. தையல் ஒரு நூல் விலகினாலும் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பி அனுப்புவாள். என் கையால் ஆன ஷூக்களில் பாதி அவளிடம் ஸ்டிக்கர் வாங்கியவைதான். ஆனால் என்னை மட்டும் எப்படியோ பாஸ் போட்டுவிட்டாள். ("வெளிச்சம் பத்தாத நேரத்துல பாத்துட்டேன்" என்று இன்றைக்கும் சொல்கிறாள்.)

மலர் பாஸ் போட்டால் போதுமா? அவளுடைய அப்பா ஏகாம்பரம் இருந்தார். ஜோலார்பேட்டையில் ரயில்வே சிக்னல் மெயின்டெய்னர். அந்த மாதக் கடைசியில் ரிட்டையர் ஆகவிருந்தவர். பெண் கேட்டுப் போனேன். மனுஷன் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, சுவரில் மாட்டியிருந்த ஒரு போட்டோவைக் காட்டினார். அதில், மீசை அரும்பிய ஏகாம்பரம் ஓர் உயரமான கம்பத்தின் ஏணியில் தொற்றிக்கொண்டிருந்தார்.

"இது இன்னான்னு தெரியுமா தம்பி?"

"கைகாட்டி சார். பழைய சிக்னல்."

"எப்டி வேலை செய்யும்?"

"நல்லாத் தெரியும் சார்."

எனக்குத் தெரிந்ததெல்லாம் இவ்வளவுதான்: சிவப்புக் கை, அதில் ஒரு வெள்ளைப் பட்டை. கை நேராக நீட்டியிருந்தால் வண்டி நிற்கணும். கீழே சாய்ந்தால் போகலாம். பத்து வயதுப் பையனுக்கும் தெரிந்த விஷயம். அதற்கு மேல் ஒன்றும் அவர் கேட்கவில்லை. "ரிட்டையர்மென்ட் ஃபங்ஷன் முடியட்டும். பதில் சொல்றேன்" என்றார்.

நல்ல பிள்ளை என்றால் வாயை மூடிக்கொண்டு மாதக் கடைசி வரைக்கும் காத்திருப்பான். நானோ, அவர் ஃபங்ஷனுக்கு வேலை செய்யும் கைகாட்டி ஒன்றைத் தோலில் செய்து பரிசளிப்பது என்று முடிவெடுத்தேன். கட்டிங் செக்ஷனில் இருந்த என் தோஸ்த் நயாஸைக் கூட்டிக்கொண்டு ஜோலார்பேட்டை ரயில்வே காலனிக்குப் போனேன். வாசலில் ஒரு பழைய கைகாட்டியை அலங்காரத்துக்கு நட்டு வைத்திருந்தார்கள். சுற்றிச் சுற்றி போட்டோ எடுத்தோம்.

நயாஸ் கம்பத்தின் அடியில் குனிந்தான். அங்கே ஒரு சின்ன இரும்புத் தண்டு, அதன் நுனியில் கனமான இரும்புக் குண்டு.

"இது இன்னாத்துக்குடா?"

"அது சும்மா. அந்தக் காலத்து ஆளுங்க எதுல பாத்தாலும் இரும்பை ஜாஸ்தி போட்டுடுவாங்க. நம்மளுக்கு வேணாம். ஃபினிஷிங் கெட்டுடும்."

ஷூக்காரன் புத்தி அது. முன்னால் துருத்திக்கொண்டு எது இருந்தாலும் சீவித் தள்ளிவிடுவோம்.

இரண்டு வாரம் மாடாக உழைத்தேன். நாலடிக் கம்பம். கைக்கு நல்ல சிவப்புத் தோல், வெள்ளைப் பட்டைக்கு இரட்டைத் தையல், ஓரமெல்லாம் மடித்து ஒட்டினது. கம்பிக்குப் பதிலாக ஷூ தைக்கும் மெழுகு நூல். நூலை இழுத்துக் கட்டினால் கை நேராக நிற்கும். லீவரைத் தள்ளினால் நூல் தளர்ந்து கை கீழே சாயும். மலரிடம் காட்டினேன். கண்ணாடியைத் தூக்கிவிட்டுத் தையல் தையலாகப் பார்த்தாள். ஸ்டிக்கர் ஒட்டவில்லை. "முதல் தடவையா ஒரு வேலைய ஒழுங்கா செஞ்சிருக்க" என்றாள். (பாவம், அவளுக்கும் தையல்தான் தெரியும். சிக்னல் தெரியாது.)

ஃபங்ஷன் அன்று ரயில்வே காலனி ஹால் நிறைய ஸ்டேஷன் மாஸ்டர்கள், பாயிண்ட்ஸ்மேன்கள், டிரைவர்கள். அத்தனை பேரும் ஆயுசு பூரா சிக்னலைப் பார்த்தே வயிறு வளர்த்தவர்கள். அவர்கள் நடுவே நான் மேடையேறி, மைக்கை வேறு வாங்கி, "சிக்னல் என்றால் என்ன?" என்று ஆரம்பித்தேன். யாரும் கல்லெடுத்து அடிக்கவில்லை. அதற்குக் காரணம் பின்னால் வெந்துகொண்டிருந்த பிரியாணி.

துணியை விலக்கினேன். கைதட்டல். ஏகாம்பரம் தோலைத் தடவிப் பார்த்தார். முகம் மலர்ந்தது. லீவரைத் தள்ளினார், கை இறங்கியது. திருப்பினார், கை ஏறியது. விசில் பறந்தது. முன் வரிசையில் மலர் என்னைப் பார்த்துச் சிரித்தாள். என் மனசுக்குள் கல்யாணப் பத்திரிகை அச்சாகிவிட்டது.

அப்போது மனுஷன் குனிந்து கம்பத்தின் அடியைப் பார்த்தார்.

"வெயிட்டு எங்க தம்பி?"

"வேணாம்னு விட்டுட்டேன் சார். அது இல்லாமலே ஸ்மூத்தா ஓடுது."

அவர் மாலை பிரிக்க வைத்திருந்த கத்தரிக்கோலை எடுத்தார். "டெஸ்ட் பண்ணாம நான் எதுலயும் கையெழுத்து போட்டதில்ல" என்று சொல்லிக்கொண்டே நூலை நறுக்கென்று வெட்டினார்.

நேராக நின்ற சிவப்புக் கை, தொப்பென்று கீழே விழுந்தது.

ஹாலில் மூன்றாவது வரிசையிலிருந்து தாமோதரன் என்ற டிரைவர் எழுந்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கேட்டார்: "ஏகாம்பரம், சிக்னல் கொடுத்துட்டாங்க. நான் கிளம்பட்டா?"

கூரை பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி சிரித்தார்கள். ஒருத்தர் "எதிர்ல மெயில் நிக்குதுப்பா!" என்று கத்தினார். இன்னொருத்தர், "மாப்ள நூறு பேரை ஏத்தி அனுப்பிட்டாரு, சாவு யாரு கணக்குல?" என்றார்.

நான் விட்டேனா? "அது... நல்ல நூல் சார். தானா அறுவாது. நீங்க வெட்டினதாலதான்..."

"அறும்," என்றார் ஏகாம்பரம். "வெயில்ல நீளும். மாடு மிதிக்கும். எவனாச்சும் திருடிட்டுப் போவான். அரை மைல் தூரத்துக்கு ஓடுற கம்பி அறுவாம இருக்குமா? அறுந்துட்டா அந்த வெயிட்டு கையைத் தூக்கி நேரா நிறுத்திடும். 'எனக்கு ஒண்ணும் தெரியல, நீ நில்லு'ன்னு டிரைவருக்குச் சொல்லும். நீ கழட்டிப் போட்டது அதைத்தான்." கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். "உன்னை மாதிரியே செஞ்சிருக்க தம்பி. ஒண்ணும் தெரியலன்னாலும் 'போ போ'ன்ற சிக்னல்."

முன் வரிசையைப் பார்த்தேன். மலர் சிரிக்கவில்லை. கைப்பையைத் திறந்து ஒரு சிவப்பு ஸ்டிக்கரை எடுத்தாள். மேடைக்கு வந்தாள். கைகாட்டியில் ஒட்டுவாள் என்று நினைத்தேன். என் சட்டையில் ஒட்டிவிட்டுப் போனாள்.

பிரியாணி சாப்பிடாமல் வெளியே வந்த ஒரே ஆள் நான்தான். (நயாஸ் இரண்டு தடவை சாப்பிட்டான். நடுவில் வீடியோவும் எடுத்தான்.)

மூன்று மாதம் பதில் வரவில்லை. கம்பெனியில் மலர் என் ஷூக்களோடு மட்டும் பேசினாள். கடைசியில் கைகாட்டியைத் திரும்ப வாங்கி வந்து, செருப்புத் தைப்பவர்கள் கவிழ்த்து வைத்து ஆணியடிக்கும் இரும்புக் கால் ஒன்றைத் தேடிப் பிடித்து, தண்டு வைத்து அடியில் மாட்டினேன். இப்போது நூலை இழுத்தால்தான் கை இறங்கும். பார்க்கக் கண்றாவியாக இருந்தது. அதை ஏகாம்பரம் வீட்டுக் கூடத்தில் நிறுத்தி, நூலை இழுத்துக் கையை இறக்கி வைத்துவிட்டு, கத்தரிக்கோலை அவர் கையில் கொடுத்தேன்.

வெட்டினார். இரும்புக் கால் டங்கென்று இறங்கியது. சிவப்புக் கை எகிறி நேராக நின்றது.

"இன்னொரு தடவை அறுந்தாலும் இது தாங்கும்னு சொல்வியா?" என்றார்.

வாய் வரைக்கும் "தாங்கும் சார்" வந்துவிட்டது. சமையலறை வாசலில் மலர் நின்றிருந்தாள்.

"தெரியாது சார்" என்றேன்.

அவர் மகளைத் திரும்பிப் பார்த்தார். அவள் வந்து என் சட்டையை ஒரு தடவை பார்த்துவிட்டு, "ரீவொர்க் ஆயிடுச்சுப்பா, அனுப்பலாம்" என்றாள்.

கல்யாணம் நடந்தது. மேடையில் தாமோதரன் பரிசுக் கவரை நீட்டும் முன் ஹாலே கேட்கிற மாதிரி, "மாப்ள, கிளம்பட்டா?" என்றார். அன்றையிலிருந்து எங்கள் குடும்பத்தில் யாரும் "போய்ட்டு வர்றேன்" என்று சொல்வதில்லை. வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே என்னைப் பார்த்து, "கிளம்பட்டா?" என்பார்கள். என் மகளும் ஸ்கூல் வேன் வந்தால் அதையே கேட்கிறாள். நானும் வழக்கப்படி கையை நேராக நீட்டிக்கொண்டு நிற்கிறேன்.

நாற்பது வருஷம் ஒரு சிவப்பு சிக்னலையும் தாண்டாமல் இருந்து, இப்போது மாமனாரைப் பார்க்க வரும் அத்தனை ரயில்வேக்காரர்களும் என் கைக்குக் கீழே குனிந்து, சிரித்துக்கொண்டே போய்விடுகிறார்கள்.