கருத்துப்போன மாம்பழங்கள் விஷயமாக

அன்புள்ள மைத்துனனுக்கு, உன் அத்தான் எழுதிக்கொள்வது. இங்கு நானும் உன் அக்காவும் சுகம். மாம்பழங்கள்தான் சுகமில்லை.

திரும்ப வேலைக்குச் சேர்த்துக்கொள்ளச் சொல்லி நீ எழுதிய கடிதம் கிடைத்தது. கையெழுத்து அழகு. அந்த அக்கறையை வேலையில் காட்டியிருக்கலாம். பதினெட்டு வருஷமாக இந்தக் கிடங்கில் வெந்நீர்த் தொட்டி என் பொறுப்பு. பழத்துக்குள் ஈ முட்டை வைத்திருந்தால் வெளிநாட்டுக்காரன் வாங்க மாட்டான், அதனால் நாற்பத்தாறு டிகிரி வெந்நீரில் ஒன்றரை மணி நேரம் முக்கி எடுக்கிறோம், அவ்வளவுதான் சங்கதி. நீ வந்து மூன்றே மாதத்தில் விஞ்ஞானியாகிவிட்டாய். "அத்தான், எடுத்த எடுப்புல சூட்டுல போட்டா பழம் தாங்காது, வெதுவெதுப்பான ரூம்ல அரை நாள் வெச்சுப் பழக்கிட்டுப் போடலாம்" என்றாய். மாம்பழத்துக்கு என்னப்பா பழக்கம்? பள்ளிக்கூடத்துக்கா அனுப்புறோம்? போனால் போகிறதென்று பாதி லோடை உன்னிடம் விட்டேன். நீ உன் கூடைகளில் சாக்பீஸால் வட்டம் போட்டு, பாய்லர் ரூமில் அடுக்கி, மணிக்கொரு தரம் போய்த் தொட்டுத் தொட்டுப் பார்த்தாய். பச்சைப் பிள்ளைக்காரி தோத்துப்போவா. கடைசியில என்ன ஆச்சு? அஞ்சாம் நாள் வாங்க வந்தவர் ஒரு கூடையைத் திறந்தா, தோலெல்லாம் தீஞ்சு கருத்துக் கிடக்கு, அறுத்தா உள்ளே கல்லு. அவிச்ச கிழங்கு இதுக்குத் தேவலைன்னு சொல்லிட்டு லாரியைக் காலியாத் திருப்பிட்டார். முதலாளி முன்னாடி என் மூஞ்சிய எங்கே வெச்சுக்கிறது? அதான் அந்த இடத்துலயே, "இது என் மச்சினன் பார்த்த வேலை"ன்னு சொல்லி உன்னை வீட்டுக்கு அனுப்பினேன். உன் அக்கா மூணு நாளா என்கிட்டப் பேசறதில்லை, தட்டை டொக்குனு வெக்கிறா. வெக்கட்டும். கிடங்குப் பக்கம் இனி உன் தலை தெரியக் கூடாது.

உடம்பைப் பார்த்துக்கொள். நல்ல வேலை அமைய என் ஆசிகள், மாம்பழம் இல்லாத வேலையாக.

இப்படிக்கு,
உன் நலம் ஒன்றையே நாடும் அத்தான்.

பி.கு.: இதை எழுதி வைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன். உன் அக்கா கிடங்கிலிருந்து கூடைகளை வரவழைத்து அறுத்துக்கொண்டிருந்தாள். வட்டம் போட்ட கூடையில் அத்தனையும் பொன்னாட்டம் இருக்கிறது. கருத்ததெல்லாம் வட்டமில்லாத கூடை. வாங்க வந்தவருக்கு நான் எடுத்துக் கொடுத்ததும் அதுதான். முதலாளியிடம் போய் ஒப்புக்கொண்டுவிட்டேன். நாளைக் காலை ஏழு மணிக்கு வந்துவிடு, தொட்டி இனி உன் பொறுப்பாம். கூடை தூக்க எனக்கு இடம் உண்டாம். மேலே எழுதியதைக் கிழித்துவிட்டு இதை மட்டும் அனுப்பலாமென்று பார்த்தால், உறையைக் கையில் வைத்துக்கொண்டு உன் அக்கா பக்கத்திலேயே நிற்கிறாள். "முழுசாத்தான் போகணும்" என்கிறாள். மூன்று நாள் கழித்து என்னிடம் பேசிய முதல் பேச்சு இதுதான்.