கதவை மறந்த மரத்தரை

பத்திரிகைப் பக்கத்துக்கு நீளம் உண்டு, அகலம் உண்டு. கனம் கிடையாது. திண்டுக்கல்லிலிருந்து மதுரைக்குப் போய்வந்து முப்பது வருடம் ஒரு நாளிதழில் உதவி ஆசிரியராக இருந்தவன் நான். எந்தத் தலைப்பு எத்தனை பத்தியில் அடங்கும் என்று பார்த்ததுமே சொல்லிவிடுவேன். பொருள்களுக்கு மூன்றாவதாக ஓர் அளவும் இருக்கிறது என்பதை ஓய்வு பெற்ற பிறகு, சொந்த வீட்டு அறையில் அடைபட்டுத்தான் கற்றுக்கொண்டேன்.

எங்களுக்கு ஒரே மகள், ஸ்டெல்லா. கனடாவில் வேலை. மூன்று வருடமாக ஊர்ப்பக்கம் வரவில்லை. ஞாயிறு பூசை முடிந்து நாங்கள் வந்ததும் வீடியோவில் கூப்பிடுவாள். பேச்சின் நடுவே, "செத்த நேரம் இருங்கப்பா, அடுப்ப அணச்சிட்டு வாரேன்" என்று போனை மேஜையில் வைத்துவிட்டுப் போவாள். திரையில் அந்த வீட்டுக் கூரை மட்டும் தெரியும். ஆனால் மரத்தரையில் அவள் நடக்கும் சத்தம் கேட்கும். டொக், டொக், டொக். அடுப்புக்கு ஒன்பது காலடி. திரும்பி வர எட்டு. (என்னைப் பார்க்கும் அவசரம் என்று எடுத்துக்கொண்டேன்.) எங்கள் வீட்டு மொசைக்கில் யார் நடந்தாலும் பூனை நடந்த மாதிரிதான்.

டிசம்பரில் பத்து நாள் லீவில் வருகிறாள் என்று தெரிந்ததும், அவள் அறைக்கு மரத்தரை போடுவது என்று முடிவெடுத்தேன். உண்மைக் காரணத்தைச் சொல்ல வெட்கமாக இருந்ததால் மனைவி ரீட்டாவிடம், "அவ காலு மரத்துக்குப் பழகிருச்சு. மொசைக் ஜில்லுன்னு இருக்கும்" என்றேன்.

"ஐஸ்ல நடக்குற புள்ளைக்குத் திண்டுக்கல் மொசைக் ஜில்லுன்னு இருக்குமாக்கும்?"

நல்ல உதவி ஆசிரியர் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. நான் கடைக்குக் கிளம்பினேன்.

முழு மரம் இல்லை, இன்ஜினியர்டு வுட். கடைக்காரர் ஒரு பலகையைத் திருப்பிக் காட்டினார். "மேல நெசமான மரம் சார், மெல்லிசா. கீழ பிளைவுட் அடுக்கு. ஒண்ணோட நாக்கு இன்னொண்ணோட பள்ளத்துல போயி உக்காந்துக்கும். ரெண்டு நாளு ரூம்லயே வைங்க, ஊரு வெயிலுக்குப் பழகட்டும். ஆளுங்க அடுத்த வாரம் வருவாங்க."

அடுத்த வாரமா? அவள் சனிக்கிழமை வருகிறாள். "நானே போட்டுக்கிறேன்" என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். (அப்படி இரண்டு திசை இருப்பது அப்போதாவது எனக்கு உறைத்திருக்கலாம்.)

இரண்டு நாள் பலகைகள் பழகின. வீடியோ பார்த்து நானும் பழகினேன். அறையைக் காலி செய்து, பலகைக்கு அடியில் போடும் நுரைத்தாளை விரித்து, எதிர்ச் சுவரிலிருந்து ஆரம்பித்து, ரப்பர் சுத்தியலால் தட்டித் தட்டி வெள்ளி மாலைக்குள் கதவருகே வந்துவிட்டேன். மிச்சம் மூன்று வரிசை. சனிக்கிழமை காலை எட்டுக்கு உட்கார்ந்தேன். விமானம் மதுரையில் பன்னிரண்டுக்கு. பத்துக்குக் கார் சொல்லியிருந்தேன்.

கதவு உள்பக்கம் திறப்பது. முந்தின நாளே அது பாதியில் நின்றதை, குவித்துவைத்த பலகைகள் தடுக்கின்றன என்று நினைத்திருந்தேன். பலகையை வைக்கவிடாமல் இடித்துக்கொண்டே இருந்தது. சாத்திக்கொண்டேன்.

ஒன்பதரைக்கு முடித்து எழுந்து பார்த்தேன். பிழையில்லாத முதல் பக்கம் போல இருந்தது. கதவை இழுத்தேன். வரவில்லை.

கதவுக்குக் கீழே இருந்த சந்து ஒரு விரல் கனம். நுரைத்தாளும் பலகையும் சேர்ந்து ஒன்றரை விரல் கனம். அவ்வளவுதான் செய்தி.

"ஏங்க, காரு வந்திருச்சு. சட்டைய மாத்துங்க" என்றாள் ரீட்டா, வெளியிலிருந்து.

"கதவு தெறக்க மாட்டேங்குது."

"தாழ்ப்பாள எடுங்க."

"தாழ்ப்பாளே போடல."

கதவை இரண்டு முறை தள்ளிப் பார்த்தாள். பிறகு வீட்டைச் சுற்றிக்கொண்டு ஜன்னலுக்கு வந்தாள். கதவு, தரை, நான் என்ற வரிசையில் பார்த்தாள். "பூட்டு இல்லாமயே பூட்டிக்கிட்டீங்களா?"

கொல்லையிலிருந்து கடப்பாரையைக் கொண்டுவந்து கம்பி வழியாக நீட்டினாள். "கதவுகிட்ட இருக்குறத மட்டும் பேத்துப்போட்டு வெளிய வாங்க. அஞ்சு நிமிசம்."

நான் கை நீட்டவில்லை. "அவ முழுசா ஒரு தடவ பாக்கட்டும் ரீட்டா. ஆசாரியக் கூப்பிடுறேன், கதவக் கழட்டிருவாரு."

ஆசாரி போனை எடுத்தார். பின்னால் நாதஸ்வரம். "பாலசமுத்திரத்துல ஒரு கல்யாணத்துல இருக்கேன் சார். பந்தி முடிஞ்சு வாரேன்."

ரீட்டா கடப்பாரையைச் சுவரில் சாத்தினாள். "நான் போயிப் புள்ளயக் கூட்டியாரேன். நீங்க எங்கயும் போயிராதீங்க."

கார் கிளம்பிப் போகும் சத்தத்தை நாக்கும் பள்ளமுமாகப் பொருந்திய என் தரையின் நடுவில் நின்று கேட்டேன். விமான நிலைய வாசலில் நிற்பதை மூன்று வருடமாக ஒத்திகை பார்த்தவன் நான். எந்தத் தூணுக்குப் பக்கத்தில், எந்தச் சட்டையில் என்பது வரைக்கும் முடிவாகியிருந்தது. அவள் வெளியே வந்ததும் தேடும் அந்த அரை நிமிடத்தை மூன்று வரிசைப் பலகைக்காக விட்டுக்கொடுத்தேன். (அட்டாச்டு பாத்ரூம் வீண் ஆடம்பரம் என்று வீடு கட்டும்போது பேசியதை இங்கே வாபஸ் வாங்குகிறேன்.)

ஒன்றரை மணி வாக்கில் போன் வந்தது. "அப்பா, கொடைரோடு தாண்டிட்டோம். ஏன் வரலன்னு கேட்டா அம்மா சிரிச்சுக்கிட்டே வாராங்க. வீட்லதான இருக்கீங்க?"

"வீட்லதான்" என்றேன். தகவல் பிழை எதுவும் இல்லாத பதில்.

ஜன்னல் கம்பிகளுக்கு நடுவே அவள் முகம் வந்தது. மெலிந்திருந்தாள். முடியைக் கழுத்தோடு வெட்டியிருந்தாள், வீடியோவில் அது இம்புட்டுக் குட்டையாகத் தெரியவில்லை. "என்னப்பா இது!" என்று கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நான் கையை வெளியே நீட்டினேன். முழங்கை வரைதான் போனது. விரல்களைப் பிடித்துக்கொண்டாள். மூன்று வருடம் கழித்து மகளை நேரில் பார்த்த நான் சொன்ன முதல் வாக்கியம்:

"தரை எப்படி இருக்கு?"

"இங்கேருந்து பாதிதான்பா தெரியுது" என்றாள்.

ரீட்டா பிரியாணி செய்துவைத்திருந்தாள். தட்டு கம்பிக்குள் நுழையவில்லை. ஸ்டெல்லா தண்ணீர் மோட்டார் பக்கத்தில் வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்து, தான் ஒரு வாய் சாப்பிட்டு, எனக்கு ஒரு வாய் உருட்டி நீட்டினாள். சாப்பாட்டு மேஜையில் யார் எங்கே உட்காருவது என்றுகூட நான் யோசித்துவைத்திருந்தேன்.

ஆசாரியை மறுபடி கூப்பிட்டேன். "இப்பத்தான் சார் பொண்ணு மாப்பிள்ளயவே பந்தியில உக்கார வச்சிருக்காக. சாயங்காலம் ஆயிரும்."

"இன்னும் கொஞ்ச நேரந்தான்" என்று மகளிடம் சொன்னேன். அவள் இந்த முறை சிரிக்கவில்லை.

"அப்பா, எனக்குப் பத்து நாள்தான் லீவு. அதுல ஒரு மணி நேரம் இந்த வாளி மேலயே போயிருச்சு."

"அந்தக் கடப்பாரைய எடும்மா" என்றேன்.

மூன்று வரிசையையும் பேர்த்தேன். ஐந்து நிமிடம்தான் ஆனது. கதவு ஓர் அடி திறந்து, மிச்சப் பலகையில் இடித்து நின்றது. ஒருக்களித்து வெளியே வந்தேன். அதற்குப் பிறகு வாசலில் நடந்தது செய்தியல்ல, எழுதப்போவதில்லை.

செருப்பைக் கழற்றிவிட்டு அவள் உள்ளே போய் நடந்து பார்த்தாள். நான் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். ஒரு சத்தமும் இல்லை. "அங்க குளிருக்குக் கட்டையா ஒரு செருப்பு போட்டுக்குவேன்பா" என்றாள். இங்கே வெறுங்கால். மிச்சம் இருந்த சத்தத்தை நுரைத்தாள் விழுங்கிவிட்டது.

மறுநாள் வந்த ஆசாரி, கதவைக் கழற்றி அடியை அறுத்தால் சரியாகிவிடும், இரண்டு நாள் வேலை என்றார். அவள் இருக்கும் நாளில் மரத்தூள் வேண்டாம் என்று அனுப்பிவிட்டேன். பத்து நாளும் எல்லோரும் ஒருக்களித்தே போய்வந்தோம்.

பத்தாம் நாள் காலை வாசலில் கார் நின்றது. வரும்போது ஒல்லியாக இருந்த அவள் பெட்டி, பருப்புப் பொடியும் முறுக்கும் ஊறுகாயும் சேர்ந்து ரீட்டாவின் கையால் பருத்திருந்தது. அறைக் கதவில் வந்து சிக்கிக்கொண்டது. ஸ்டெல்லா வெளியிலிருந்து இழுத்தாள். நான் உள்ளிருந்து தள்ளினேன்.

டிரைவர் ஹாரன் அடித்தார். பெட்டி அசையவில்லை. ரீட்டா சந்து வழியாகத் தலையை நீட்டி என் கைகளைப் பார்த்தாள்.

"ஏங்க, தள்ளுறீங்களா, புடிச்சிருக்கீங்களா?"

கடைசியில் பெட்டியைத் திறந்து, ஒவ்வொன்றாக வெளியே கொடுத்து, ஹாலில் மறுபடி அடுக்க வேண்டியதாயிற்று. இருபது நிமிடம் தாமதம். விமானத்தைத் தவறவிடவில்லை.

கதவு இன்றும் பாதிதான் திறக்கிறது. ஆசாரி இரண்டு முறை கேட்டுவிட்டார். "நான் திரும்பிப் போகக் கூடாதுன்னே எங்கப்பா தரை போட்டாரு" என்று ஸ்டெல்லா கனடாவில் எல்லோரிடமும் சொல்கிறாளாம். அது ரீட்டா வழியாகச் சொந்தக்காரர்களுக்குப் பரவி, இப்போது எந்த விசேஷ வீட்டுக்குப் போனாலும் என்னிடம் அதைக் கேட்டுச் சிரிக்கிறார்கள். எத்தனையோ பேருடைய மறுப்பை வாங்கி மூன்றாம் பக்கத்தில் போட்டவன் நான். இதற்கு மட்டும் இன்னும் மறுப்புக் கொடுக்கவில்லை.