வீட்டுக்கடியில் பன்னிரண்டாவது பிணம்

தூண்கள் மேல் நின்ற தன் வீட்டுக்கு அடியில், லைல் கணினியின் மூடியைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தார். ஹார்டு டிஸ்க் இருக்க வேண்டிய கூடு காலியாக இருந்தது.

"ஜனங்க வேண்டாம்னு தெருப் புல்லோரத்துல போட்டதுல இருந்து நீ தூக்கிட்டு வந்தது, இது பன்னிரண்டாவது," என்றாள் மனைவி மார்லீன், படியில் நின்றபடி. "முன்ன வந்த பதினொண்ணும் பொணம். வியாழக்கிழமை பழசை அள்ளிட்டுப் போற கவுன்சில் லாரி வருது. அதுக்குள்ள இது ஓடலைன்னா இதுவும் போகுது, இந்த மேசையும் போகுது. வீட்டுக்கடியில என் மண்பாண்டச் சூளை வருது."

லைல் மேசையை ஒரு கையால் தடவிக்கொடுத்தார். கப்பல் எஞ்சின் அறையில் முப்பது வருடம் இருந்து ஓய்வு பெற்றவர். பிரிஸ்பேன் முழுவதிலும் அவருக்கு மிச்சமிருந்த எஞ்சின் அறை அந்த ஆட்டங்காணும் மேசைதான்.

"மேல ஒட்டியிருந்த சீட்டுல என்ன எழுதியிருக்கு?" என்று கேட்டாள் மார்லீன்.

"'நல்லா ஓடும்'னு. எல்லாரும் அதையேதான் எழுதுறாங்க. போன வருஷத்து டோஸ்டர்லயும் அதான் இருந்துச்சு."

முதல் வரிக்கு மேல் படிக்காமல் சீட்டை நாலாக மடித்து, மேசைக்காலுக்கு அடியில் திணித்தார். மேசை ஆடுவது நின்றது.

திறந்து பார்க்காமல் எந்த எஞ்சினையும் முடுக்காதவர் அவர். பார்த்தாயிற்று, உள்ளே ஒன்றுமில்லை. அப்படியானால் கணினியை இயக்கும் லினக்ஸ் மென்பொருளை வெளியிலிருந்துதான் ஏற்ற வேண்டும். பென்டிரைவிலிருந்தா, நெட்வொர்க் வழியாகவா? யோசிக்க யோசிக்க அவருக்கு வாயூறியது.

முதலில் பென்டிரைவ். டிராயரில் கிடந்த ஒன்றை அழித்து அதில் லினக்ஸை எழுதினார். கணினியின் அமைப்புகளில், அது கிளம்பக்கூடிய மற்ற வழிகளையெல்லாம் அணைத்தார். சொருகும் துளை லொடலொட என்றிருந்தது; கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தால்தான் திரை உயிரோடு இருந்தது.

"ஓடுது! மார்லீன், ஓடுது!" என்று கையை ஆட்டினார். திரை செத்தது.

"எங்க ஓடுது?"

"இப்பதான் ஓடிச்சு."

"அது எந்தப் பென்டிரைவ்?"

"டிராயர்ல சும்மா கிடந்துச்சு."

"சும்மாவா? மூணு வருஷமா நான் செஞ்ச அத்தனை ஜாடியோட போட்டோவும் அதுலதான் இருந்துச்சு!"

மறுநாள் நெட்வொர்க். இதற்குக் கட்டைவிரல் வேண்டாம். மேல்மாடியிலிருந்து சமையலறைக் கதவு வழியாகக் கேபிளை இறக்கினார். கேபிள் தடுத்ததால் கதவைச் சாத்த முடியவில்லை. அரைமணி நேரத்தில் ஒரு காட்டுக்கோழி உள்ளே புகுந்து மாவு டப்பாவைக் கிளறிக்கொண்டிருந்தது. அதை விரட்டிவிட்டு வந்து, கணினிகளுக்கு முகவரி கொடுக்கும் வேலையைத் தன் மடிக்கணினியிடம் ஒப்படைத்தார். ரவுட்டரும் அதே வேலையைச் செய்துகொண்டிருந்ததால் வீட்டு இணையமே குழம்பிப் படுத்துவிட்டது.

மார்லீன் அதிர்ந்து இறங்கி வந்தாள். "ஆன்லைன்ல மண்பாண்டச் சங்கத் தலைவர் தேர்தல் நடந்துட்டிருந்துச்சு, லைல். எல்லார் திரையிலயும் நான் வாயைத் தொறந்தது தொறந்தபடியே உறைஞ்சு நின்னேனாம். எனக்கு எதிரா நின்ன சில்வியா ஜெயிச்சிட்டா."

"மன்னிச்சுக்கோ. ஆனா எது நல்லதுன்னு எனக்கு இன்னும் தெரியலையே. ரெண்டையும் சேர்த்துப் பார்த்தா..."

"லைல்."

"சரி."

வியாழக்கிழமை அவரே கணினியைச் சுமந்துபோய்ப் புல்லோரத்தில் வைத்தார். பக்கத்திலேயே மேசையையும் இழுத்து வைத்தார். மேசைக்காலின் அடியில் ஒட்டிக்கொண்டு வந்த சீட்டைக்கூட எடுக்க மனம் வரவில்லை.

லாரி வந்தது. கணினி உள்ளே விழுந்து நொறுங்கும் சத்தம் கேட்டது. அடுத்து மேசையைத் தூக்கிய பணியாளன், அதன் காலிலிருந்து விழுந்த காகிதத்தைக் குனிந்து எடுத்துப் பிரித்தான்.

"தலைவா, இது உங்களுதா? 'நல்லா ஓடும். லினக்ஸ் உள்ளேயே ஒரு சின்னச் சில்லுல இருக்கு. தயவுசெஞ்சு எதையும் சொருகாதீங்க, பொத்தானை அமுக்கினா போதும்'னு எழுதியிருக்கு."