ஒகுநோமோரிக்கு ஓய்வு கொடுத்த கதை

மதியச் சாப்பாடு முடிந்ததும் தூங்குவது எங்கள் பயிற்சிக்கூடத்துச் சுமோ மல்லர்களின் தலையாய கடமை. விடியற்காலையில் வெறும் வயிற்றோடு மண்வளையத்தில் மோதிப் புரண்டு, குளித்து, கூடத்துச் சிகையலங்காரக்காரனான நான் எண்ணெய் தடவிக் கொண்டை முடிந்துவிட்ட பிறகு, அண்டாவில் கொதிக்கிற மீனையும் முட்டைக்கோசையும் சோற்றோடு உள்ளே தள்ளிவிட்டு அப்படியே பாயில் சாய்வார்கள். தின்றது சதையாவது அந்தத் தூக்கத்தில்தான். அரசாங்கம் கவனிக்காதவரை எல்லாம் ஒழுங்காகவே நடந்துவந்தது.

எங்களிடம் மிகச் சிறப்பாகத் தூங்குகிறவன் ஒகுநோமோரி. வடக்கே அக்கிதாப் பக்கத்துக்காரன். முப்பது வயதைத் தாண்டியும் சம்பளமில்லாத கீழ்வரிசையின் உச்சியில் ஒட்டிக்கொண்டிருந்தான். இன்னும் ஒரு படி ஏறினால் சம்பளம், தனியறை, எல்லாவற்றுக்கும் மேலாக, அவன் மனசில் வைத்திருந்த சினாட்சு. அவள் அப்பா தோஃபுக் கடைக்காரர். "சம்பளம் வாங்காத மலைக்கு என் பொண்ணைத் தரமாட்டேன்" என்று சொல்லிவிட்டார்.

மே மாதப் போட்டிக்குச் சற்று முன்பு, உழைப்போர் நல்வாழ்வுச் சீர்திருத்த மேம்பாட்டுக் கிளை அலுவலகத்திலிருந்து ஹிசுமே என்ற அதிகாரி வந்தார். மெலிந்த மனிதர். வரிசையாகப் படுத்திருந்தவர்களைப் பார்த்தார்.

"இவங்க என்ன செய்யறாங்க?"

"தூங்கறாங்க" என்றார் கூடத்தலைவர்.

"எதுக்கு?"

"உடம்பு ஏறணும்ல?"

"உடம்பு எதுக்கு?"

"இது என்னங்க கேள்வி? தொழிலுக்குத்தான்."

"அப்போ தூக்கமும் தொழில்தான். நடுவுல ஓய்வே கொடுக்காம இப்படி வேலை வாங்கறீங்களே!"

"சார், இவங்களுக்குச் சம்பளமே கிடையாது."

"சம்பளமும் கிடையாதா? சரி, அதையும் சேர்த்துக்கறேன்."

தலைவருக்குக் கழுத்து என்று தனியாக ஒன்று இல்லை. இருந்தும் அன்று தலை குனிந்தார். மறுநாளிலிருந்து ஹிசுமே மணியோடு வந்து உட்கார்ந்தார். மல்லர்கள் உழைக்கத் தொடங்கி, குறட்டை நன்றாகப் பிடிபடுகிற நேரம் பார்த்து மணி அடிப்பார். எல்லோரும் எழுந்து உட்கார்ந்து, பார்லித் தேநீர் குடித்து, சுவரில் அவர் ஒட்டிய அருவிப் படத்தைப் பார்த்து ஓய்வெடுக்க வேண்டும். பிறகு மீண்டும் உழைக்கலாம்.

"சார், ஒருதடவை முழிச்சா எனக்கு மறுபடி தூக்கம் வராது" என்றான் ஒகுநோமோரி.

"பாத்தீங்களா, எவ்வளவு களைச்சுப் போயிருக்கீங்க!"

இரவிலும் இவர்கள் அங்கேயே தூங்குகிறார்கள் என்பது அடுத்த வாரம் தெரியவந்தது. அனுமதி பெறாத மிகைநேரப் பணி. ஹிசுமேக்குக் கண்கலங்கிவிட்டது.

"அப்போ ராத்திரி என்னதான் செய்யறது?" என்றார் தலைவர்.

"நிம்மதியா முழிச்சிருக்கட்டும்."

இந்த ஏற்பாட்டுக்கு 'விழிப்போய்வு' என்று பெயர் வைத்தார்கள். தொலைக்காட்சிக்காரர்கள் படம்பிடிக்க வந்தார்கள். பெரிய கம்பெனிகள் தங்கள் ஊழியர்களையும் தட்டியெழுப்பி ஓய்வு கொடுத்தன. அதற்காகவே பலர் முதலில் தூங்கப் பழகிக்கொண்டார்கள். தலை வைக்கவே முடியாத விழிப்போய்வுத் தலையணை கடைகளில் விற்றுத் தீர்ந்தது. எங்கள் கூடத்துக்கு முன்மாதிரிப் பணியிடக் கேடயம் கிடைத்தது. அதை வாங்க மேடையேறிய மல்லர்கள் ஆளுக்கொரு திசையில் வணங்கினார்கள்.

ஒகுநோமோரி கொஞ்சம் இளைத்தான். இருந்தாலும் பல்லைக் கடித்துக்கொண்டு கடைசி ஆட்டம்வரை வந்துவிட்டான். அதில் ஜெயித்தால் சம்பளம். சினாட்சு பார்வையாளர் பகுதியின் மேல் வரிசையில் அப்பாவோடு உட்கார்ந்திருந்தாள். அவன் உப்பைத் தூவி, குந்தி, இரண்டு முஷ்டிகளையும் மண்ணில் ஊன்றினான். எதிராளியும் ஊன்றினான். நடுவர் கத்தினார்.

இவன் எழவில்லை.

அந்தக் குறட்டையை நான் எங்கும் அடையாளம் காண்பேன். எதிராளி நல்ல பையன். கொஞ்சம் தயங்கி, குழந்தையைத் தூக்குவதுபோல் அக்குளில் கைகொடுத்து, மெல்லத் தள்ளிக்கொண்டுபோய் வளையத்துக்கு வெளியே உட்காரவைத்துவிட்டுக் கும்பிட்டான்.

தலைவர் ஹிசுமேயின் சட்டையைப் பிடித்தார். "வளையத்துல தூங்கிட்டானேய்யா!"

"தூக்கம் அவர் தொழில். பணியிடத்துலதான் செஞ்சிருக்கார். குறை சொல்ல எதுவும் இல்லையே."

"தோத்துட்டான்!"

"தோல்வி எங்க துறையில வராது."

தோஃபுக்கடைக்காரர் மகளைக் கையைப் பிடித்து அழைத்துப் போய்விட்டார். உடைமாற்றும் அறையில் கொண்டையை அவிழ்த்துவிடும்போது ஒகுநோமோரியின் தோள் குலுங்கியது. "அண்ணே, தோத்ததுகூடப் போகட்டும்" என்றான். "எவ்வளவு நாளைக்கப்புறம் நல்லாத் தூங்கினேன் தெரியுமா? அதை நினைச்சாத்தான் அழுகை வருது."

சீக்கிரமே கொண்டையை வெட்டிக்கொண்டு ஓய்வுபெற்றான். உறக்கப் பணியில் நீண்டகால அனுபவம் உள்ளவர் என்று ஹிசுமே தன் அலுவலகத்திலேயே அவனுக்கு வேலை கொடுத்தார். சம்பளத்தோடு. சினாட்சுவைக் கட்டிக்கொண்டான். கல்யாணத்தில் மாமனார் என்னிடம், "மாப்பிள்ளை கவர்ன்மெண்ட்" என்றார்.

மிச்சமிருக்கிற பையன்களாவது தூங்கட்டுமே என்று, மணியை நிறுத்தச் சொல்லி மனுக் கொடுக்கப் போனேன். மதியம். ஒகுநோமோரி மேசையில் கன்னம் பதித்துக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். பழைய உடம்பு திரும்பியிருந்தது. பக்கத்து மேசைகளிலும் அப்படியே. நான் அவன் தோளைத் தொடப் போனேன். ஹிசுமே ஒரு கண்ணை மட்டும் திறந்து, உதட்டில் விரலை வைத்தார்.

"வேலை நேரத்துல தொந்தரவு பண்ணாதீங்க."

பெஞ்சில் உட்கார்ந்தேன். எனக்கும் எப்போது கண் சொருகியதென்று தெரியவில்லை. யாரோ தட்டியெழுப்பியபோது வெளியே இருட்டியிருந்தது. பையை மாட்டிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பிய ஒருவர் மரியாதையாகக் கேட்டார்:

"ரொம்ப நல்லா வேலை செய்யறீங்க. நிரந்தரமா, ஒப்பந்தமா?"