கிளெமென்ற் எழுதிய வீட்டுவேலைப் பட்டியல்

தடுப்பூசி போட்ட நாளிலிருந்து கிளெமென்ற்றின் வலது கை நெஞ்சுக்கு மேலே ஏறவில்லை. ஊசியைத் தோளில் கொஞ்சம் உயரத்தில் குத்திவிட்டார்களாம். பஸ் ஓட்டுகிற மனிசன், ஐந்து மாதமாக வேலைக்குப் போகாமல் மோர்டென்ஸ்ருட் என்ற ஊரில் தன் வீட்டிலேயே இருந்தார். சிலுவை போடுவதற்கு நெற்றியைக் கைக்குக் கொண்டுவர வேண்டியிருந்தது.

நட்டஈடு கேட்பதென்று முடிவெடுத்தார். விண்ணப்பத்தில் ஒரு பக்கம்: 'ஊசிக்கு முன் வீட்டில் செய்த வேலைகள்.' இடது கையால் எழுதினார். சமையல். கூட்டுதல். யன்னல் துடைத்தல். உடுப்பு அயன் பண்ணுதல்.

மனைவி மரியமலர் எட்டிப் பார்த்தார்.

"இதெல்லாம் எப்ப செய்தனீங்கள்?"

"செய்ய நினைச்சனான்."

"எந்த வீட்டிலை?"

"மலர், எழுதினால்தான் கூடத் தருவாங்கள்."

"அவை என்னைக் கேட்டால் நான் பொய் சொல்லமாட்டன்."

"அப்ப என்ன செய்யிறது?"

"இண்டைக்கே தொடங்குங்கோ. அவை கேக்கேக்கை, 'முந்தியே செய்தவர்' எண்டு சொல்லலாம்."

விண்ணப்பத்தை மரியமலரே தபாலில் சேர்த்தார். கிளெமென்ற் பருப்பில் தொடங்கினார். தொலைபேசி அடித்தபோதெல்லாம், விசாரிக்கத்தான் எடுக்கிறார்களோ என்று, கூட்டுகிற தும்புத்தடியோடு ஓடிவந்தார். யன்னல் துடைத்ததில் கை ஒரு சாண் ஏறியது. இடியப்பம் பிழிந்து, சொதிக்குத் தேங்காய் துருவியதில் இன்னும் கொஞ்சம். தோளுக்குப் பயிற்சி கொடுக்கும் நோராவுக்கு ஆச்சரியம்.

"வீட்டில் என்ன பயிற்சி செய்கிறீர்கள்?"

"சொதி," என்றார் கிளெமென்ற்.

ஊசி போட்ட எட்டாம் மாதம் கடிதம் வந்தது. கோரிக்கை ஏற்கப்பட்டது. பட்ட வலிக்கும் வைத்தியச் செலவுக்கும் நட்டஈடு. கிளெமென்ற் இரண்டு கையையும் உயர்த்தி ஆண்டவருக்கு நன்றி சொன்னார். இரண்டுமே ஏறின. மரியமலரின் கண் கலங்கியது.

பிறகுதான் கிளெமென்ற் கடைசி வரியைப் படித்தார்: 'வீட்டுவேலை இழப்பு எதுவும் கோரப்படவில்லை.'

"மலர், என்ரை பட்டியல்?"

"அண்டைக்கே கிழிச்சுப் போட்டன். அந்தப் பொய்யாலை உள்ளதும் கிடையாமல் போயிருக்கும்."

"அப்ப உம்மை ஒருத்தரும் கேக்க இருக்கேல்லை?"

"இல்லை."

கிளெமென்ற் சமையல் ஏப்ரனைக் கழற்றினார்.

"அதைக் கட்டுங்கோ. நிப்பாட்டினால் தோள் திரும்ப இறுகுமாம். நோராவிட்டைக் கேட்டு எழுதி வாங்கினனான்."

தாளை வாங்கிப் பார்த்தார். கீழே நோராவின் கையெழுத்து இருந்தது. மேலே இரண்டே வரி.

'சமையல். நாளுக்கு இரண்டு தரம், சாப்பாட்டுக்கு முன்.'