பின்னறை விடுதலையான நாள்

தெருவில் அவருக்குத் தேதியார் என்று பெயர். நாளிதழில் 'இதே நாளில்' என்ற பகுதியை எழுதுபவர். எந்தத் தேதியைச் சொன்னாலும் அன்று எந்த ராஜா முடி இழந்தான், எந்தக் கப்பல் மூழ்கியது என்று மூச்சுவிடாமல் சொல்வார். வீட்டில் காஸ் தீர்ந்தது என்றைக்கு என்று கேட்டால்தான் முழிப்பார்.

பின்னறை முழுக்க அவருடைய பழைய பேப்பர் கட்டுகள், கூரை வரைக்கும். மனைவிக்குத் தையல் தொழில். அவளுடைய மெஷினோ நடைவழியில். அளவு கொடுக்க வந்தவர்கள் ஒருவர் காலை ஒருவர் மிதித்துக்கொண்டு நின்றார்கள்.

"இன்னிக்காவது அந்த அறையை ஒழிச்சுக் குடுங்களேன்."

"இன்னிக்கா? ஒரு பெரிய நூலகம் எரிஞ்ச நாள்! இன்னிக்குப் போய் காகிதத்தை வெளியேத்தச் சொல்றியே, மனசாட்சி இருக்கா உனக்கு?"

"சரி, நாளைக்கு?"

"நாளைக்கு ஒரு மகாராஜா கோட்டையைப் பறிகொடுத்த நாள். இடத்தை விட்டவன் கதி என்னாச்சு தெரியுமா?"

ஆறு வருஷமாக ஒரு நாளும் தோதாக அமையவில்லை. வரலாறு அப்படி. மனிதர் என்னதான் செய்வார், பாவம்!

அவருக்கு ஒரே ஒரு பெருமை. பத்தொன்பது வருஷத்தில் அவர் பகுதிக்கு ஒரு 'திருத்தம்' வந்ததில்லை. "நான் எழுதினா அது நடந்தது" என்பார். ஆனால் டைப் அடிக்க வராது. நாற்காலியில் சாய்ந்து அவர் சொல்லச் சொல்ல, மனைவிதான் அடித்து ஆபீசுக்கு அனுப்புவாள்.

ஒரு வியாழக்கிழமை காலை ஆசிரியர் போன் செய்தார். "சார், மனசே நெகிழ்ந்து போச்சு! யாருக்கு வரும் இந்த மனசு?"

தேதியார் பேப்பரைப் புரட்டினார். அவர் பகுதியின் கடைசி வரி: 'இன்று, இப்பகுதியை எழுதுபவர் தம் பழைய நாளிதழ்கள் அனைத்தையும் நூலகத்துக்கு வழங்கி, பின்னறையை மனைவியின் தையல் தொழிலுக்கு ஒப்படைத்தார்.'

"என்ன இது?"

"வரலாறு" என்றாள், ஊசியில் நூல் கோத்தபடி.

"நடக்கவே இல்லையே!"

"அப்போ ஆசிரியர்கிட்ட சொல்லுங்க. நாளைக்கே திருத்தம் போட்டுருவாங்க."

தேதியார் போனைக் கையில் எடுத்தார், திரும்பக் கீழே வைத்தார். பத்தொன்பது வருஷம்!

"இல்லேன்னா சாயங்காலம் வரைக்கும் நேரமிருக்கு" என்றாள். "நூலகத்து வண்டிக்குச் சொல்லிட்டேன்."

வண்டி வந்தது. தேதியார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தூக்கினார். இடுப்பு கழன்றது. கடைசிக் கட்டு போனதும் சுவரில் ஒரு ஜன்னல் இருப்பது தெரிந்தது. காற்று வந்தது. மெஷின் உள்ளே போனது. அவள் மிதிக்க ஆரம்பித்தாள், கூடவே ஏதோ முணுமுணுத்துப் பாடினாள். கேட்க அவருக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. வெளியே சொன்னால் மரியாதை என்னாவது?

"சரி, போனது போகட்டும்" என்று நாற்காலியில் சாய்ந்தார். "வா, நாளைக்கு உள்ளதை எழுதலாம்."

"மத்தியானமே அனுப்பிட்டேங்க."

"நான் எதுவும் சொல்லலையே! என்னன்னு அனுப்பினே?"

"நாளைக்கு நீங்க சமையலறைக்கு வெள்ளையடிச்சீங்க."